அலறுகிறவரா, அமைதியாகக் கிடப்பவரா? முதலில் யாரைப் பார்ப்பது?

இந்த இதழின் பாடம் கடனைப் பற்றியோ சேமிப்பைப் பற்றியோ அல்ல. அடிபட்டவரை முதல் பத்து நிமிடத்தில் எப்படிப் பார்க்க வேண்டும் என்பதைப் பற்றியது.

சாரல் காலம் வந்துவிட்டால் குற்றாலத்தில் கூட்டம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மங்குஸ்தான், ரம்புட்டான் விற்கிற சகோதரிகள், சிப்ஸ் கடை வைத்திருப்பவர்கள், ஐந்தருவிப் பக்கம் சமையல் வேலைக்குப் போகிறவர்கள் என்று நம் உறுப்பினர்கள் பலர் நாள் முழுக்க ரோட்டோரத்தில்தான் இருக்கிறார்கள். விபத்து நடந்தால் டாக்டருக்கு முன்னால், ஆம்புலன்சுக்கு முன்னால், அங்கே நிற்பது நாம்தான்.

2024 ஜனவரி 28 அன்று குற்றாலத்தில் குளித்துவிட்டு ஊர் திரும்பிய இளைஞர்களின் கார், புளியங்குடி அருகே சிங்கிலிப்பட்டிப் பக்கம் சிமெண்ட் லாரியில் மோதி 6 பேர் இறந்தார்கள். அதே வருடம் மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து 17 வயதுப் பையன் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான். இப்படிப்பட்ட சாவுகளில் எல்லாவற்றையும் நம்மால் தடுக்க முடியாது. ஆனால் காப்பாற்றக் கூடியவரை நம் கையாலேயே கெடுத்துவிடாமல் இருக்க முடியும்.

ஏன் இப்படிச் சொல்கிறோம்? ஒரு பஞ்சாயத்துக் கூட்டமைப்புக் கூட்டத்தில் ஒரு சகோதரி எழுந்தார். அவர் கணவர் தென்னை மரத்திலிருந்து விழுந்தவர். "ஏலே, சீக்கிரம் தூக்குங்கலே" என்று நாலு பேர் கையையும் காலையும் பிடித்துத் தூக்கி, ஆட்டோவில் மடக்கி உட்கார வைத்துக் கொண்டு போனார்கள். இன்று அவருக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. "நாங்க தூக்குனதாலதான் இப்படி ஆச்சா? விழுந்ததிலேயே ஆகியிருக்குமா? நீங்க சொல்லுங்க" என்று கேட்டார். எங்களுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இரண்டில் எது என்று யாராலும் சொல்ல முடியாது. யாரும் சொல்லித் தராதது உங்கள் குற்றம் இல்லை அக்கா என்று மட்டும் சொன்னோம். அந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பாடம்.

இந்த வரிசை எங்கிருந்து வந்தது?

1976-ல் அமெரிக்காவில் ஜேம்ஸ் ஸ்டைனர் என்ற எலும்பு டாக்டர் தன் சிறிய விமானத்தைத் தானே ஓட்டிப் போனபோது அது ஒரு வயலில் விழுந்தது. மனைவி இறந்துவிட்டார். பிள்ளைகளுக்குப் பலத்த அடி. கொண்டுபோன சிறிய ஆஸ்பத்திரியில் அடிபட்டவரை எந்த வரிசையில் கவனிப்பது என்ற முறையே இல்லை. அந்த வேதனையில் அவரும் அவர் நண்பர்களும் ஒரு பயிற்சியை உண்டாக்கினார்கள். முதல் வகுப்பு 1978-ல் நடந்தது. இன்று உலகம் முழுக்க டாக்டர்களும் நர்சுகளும் அந்த வரிசையில்தான் பார்க்கிறார்கள். அதன் அடிப்படை ஒன்றுதான்: எது சீக்கிரம் உயிரை எடுக்குமோ, அதை முதலில் கவனி.

முதலில் இரண்டு வேலை

ஓடிப்போய்த் தொடும் முன் சுற்றிப் பாருங்கள். அறுந்த கரண்டு கம்பி, கொட்டிக் கிடக்கும் பெட்ரோல், வேகமாக வரும் வண்டி, ஏறிவரும் அருவித் தண்ணீர் எதுவும் இருக்கிறதா? நீங்களும் விழுந்தால் காப்பாற்ற ஆள் இல்லை.

அடுத்து, "யாராவது போன் பண்ணுங்க" என்று பொதுவாகக் கத்தாதீங்க. "அண்ணாச்சி, நீங்க 108-க்குப் போடுங்க. தம்பி, நீ வண்டியை நிறுத்து" என்று கையைக் காட்டிச் சொல்லுங்கள். 108 சேவை நம் மாநிலத்தில் 2008-லிருந்து இலவசமாக ஓடுகிறது. எந்த ஊர், எந்த ரோடு, பக்கத்தில் என்ன கோயில் அல்லது கடை, எத்தனை பேருக்கு அடி என்று சொல்லச் சொல்லுங்கள்.

உள்ளங்கையும் ஐந்து விரலும்

பஞ்ச சூத்திரத்தை விரல் விட்டு எண்ணுகிற மாதிரி இதையும் எண்ணலாம்.

உள்ளங்கை - பீய்ச்சும் ரத்தம். ரத்தம் பீய்ச்சி அடித்தாலோ, நிற்காமல் கொட்டினாலோ அதுதான் முதல் வேலை. சுத்தமான துணியை வைத்து உள்ளங்கையால் அழுத்திப் பிடியுங்கள். நின்றுவிட்டதா என்று எடுத்து எடுத்துப் பார்க்கக் கூடாது. துணி நனைந்தால் அதன் மேலேயே இன்னொரு துணி. குத்தி நிற்கும் கம்பி, கண்ணாடியைப் பிடுங்காதீங்க. அதைச் சுற்றி அழுத்துங்கள். காப்பித்தூள், மஞ்சள்தூள், மண் எதுவும் வேண்டாம்.

பெருவிரல் - மூச்சு வழி. "ஐயா, உங்க பேரு என்ன?" என்று கேளுங்கள். தெளிவாகப் பதில் சொன்னால் மூச்சு வழி திறந்திருக்கிறது என்று அர்த்தம். குறட்டை மாதிரியோ, தண்ணீர் கொப்பளிப்பது மாதிரியோ சத்தம் வந்தால் வழி அடைபடுகிறது. வாயில் வெளியே தெரியும் பல், ரத்தக்கட்டியை மட்டும் எடுங்கள். கழுத்தைப் பின்னால் சாய்க்காமல், தலைமாட்டில் உட்கார்ந்து இரண்டு கையாலும் தாடையை முன்னுக்குத் தள்ளிப் பிடியுங்கள். வாந்தி எடுத்தால் தலை, கழுத்து, உடம்பு மூன்றும் ஒரே மரக்கட்டை போலத் திரும்பும்படி இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மயங்கியவர் வாயில் தண்ணீரோ சோடாவோ ஊற்றவே கூடாது. அது நேராக நுரையீரலுக்குப் போய்விடும்.

ஆள்காட்டி விரல் - மூச்சு. பத்து விநாடி நெஞ்சைப் பாருங்கள். பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 மூச்சு சரியான அளவு. மிக வேகம், மிக மெதுவு, நெஞ்சில் ஒரு பக்கம் மட்டும் ஏறி இறங்குவது எல்லாம் ஆபத்து. மூச்சே இல்லையென்றால் நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 செ.மீ. ஆழம் இறங்கும்படி அமுக்குங்கள். தண்ணீரில் மூழ்கியவருக்கு வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுக்க வேண்டாம். அவருக்கு முதல் தேவை மூச்சு. ஆகவே வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுக்கப் பயிற்சி பெற்றவர் இருந்தால் அதில் தொடங்க வேண்டும்.

நடுவிரல் - ரத்த ஓட்டம். பெரியவர் உடம்பில் சுமார் 5 லிட்டர் ரத்தம் இருக்கிறது. தொடை எலும்பு முறிந்தால் தோல் கிழியாமலே ஒரு லிட்டருக்கு மேல் உள்ளே கசிந்துவிடலாம். வயிற்றுக்குள்ளும் அப்படித்தான். வெளியே ரத்தம் இல்லையே என்று ஏமாறக் கூடாது. உடம்பு வெளிறி, குளிர்ந்து வேர்த்து, நாடி வேகமாக ஓடி, "தாகமா இருக்கு" என்று படபடத்தால் உள்ளே ரத்தம் போகிறது என்று சந்தேகப்படுங்கள். அப்போதும் குடிக்க எதுவும் கொடுக்கக் கூடாது. ஆபரேஷன் தேவைப்படலாம்.

மோதிர விரல் - நினைவு. நாலு படி உண்டு: தானாகப் பேசுகிறார், கூப்பிட்டால் பார்க்கிறார், கிள்ளினால் அசைகிறார், எதற்கும் அசைவில்லை. சிறிது நேரம் கழித்துத் திரும்பவும் பாருங்கள். படி இறங்கினால் ஆபத்து கூடுகிறது. தலையில் அடிபட்டு மயங்கி, எழுந்து நன்றாகப் பேசுகிறவர்கூட சில மணி நேரத்தில் மறுபடி மயங்கலாம். "எந்திரிச்சிட்டாரே" என்று வீட்டுக்கு அனுப்பாதீங்க.

சுண்டு விரல் - உடம்பு முழுதும். வேறு எங்கே அடி என்று பாருங்கள். பார்த்தபின் சேலையோ போர்வையோ போட்டு மூடுங்கள். பெண்களுக்கு மானம் காக்க மட்டும் அல்ல. உடம்பு குளிர்ந்தால் ரத்தம் சரியாக உறையாது. சாரலில் நனைந்தவருக்கு இது இன்னும் முக்கியம்.

தூக்குவது எப்படி?

உயரத்திலிருந்து விழுந்தவர், வண்டியில் தூக்கி எறியப்பட்டவர், கழுத்தோ முதுகோ வலிக்கிறது என்பவர், கால் மரத்துப் போச்சு என்பவர், இவர்களை 108 வரும் வரை அசைக்காதீங்க. ஒருவர் தலையை நேராகப் பிடித்துக் கொள்ளட்டும். தீ, வெள்ளம் என்று அங்கேயே ஆபத்து இருந்தால் மட்டும் நகர்த்தலாம். ஆம்புலன்ஸ் வர வழியே இல்லையென்றால் பலகை அல்லது கதவின் மேல் கிடத்தி, ஐந்தாறு பேர் ஒரே நேரத்தில் தூக்கி, குட்டியானை வண்டியில் படுத்த நிலையில் கொண்டு போகலாம். மடக்கி ஆட்டோவில் ஏற்ற வேண்டாம்.

ஆஸ்பத்திரியில் என்ன நடக்கிறது?

"என் மகன் கை ஒடிஞ்சு கத்துறான், நர்சம்மா வேற ஆளைப் பார்க்குது" என்று பல சகோதரிகள் குறைப்படுகிறார்கள். நர்ஸ் முதலில் செய்வது தரம் பிரிப்பது. சிவப்பு என்றால் உடனே, மஞ்சள் என்றால் கொஞ்சம் பொறுக்கலாம், பச்சை என்றால் காத்திருக்கலாம். கத்துகிற பையனுக்கு மூச்சு இருக்கிறது, நினைவு இருக்கிறது. மூலையில் சத்தமில்லாமல் கிடப்பவருக்கு இரண்டும் போய்க் கொண்டிருக்கலாம். ரோட்டிலும் நாம் இதே கண்ணோடுதான் பார்க்க வேண்டும். ஆனால் காத்திருக்கும்போது உங்கள் ஆளுக்கு மயக்கம், வெளிறல், மூச்சுத்திணறல் வந்தால் தயங்காமல் நர்சைக் கூப்பிடுங்கள். அது உங்கள் உரிமை.

நர்சிடம் இதைச் சொல்லுங்கள்: எத்தனை மணிக்கு, எப்படி அடிபட்டது, எவ்வளவு உயரம், மயங்கினாரா, சுகர், பிரஷர், ரத்தம் உறையாத மாத்திரை சாப்பிடுகிறாரா, எந்த மருந்து ஒத்துக்காது, கடைசியாக எப்போது சாப்பிட்டார், பெண்ணென்றால் கர்ப்பமா. தென்காசி தலைமை மருத்துவமனையிலிருந்து பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால், கொடுத்த சீட்டு, எக்ஸ்ரே எல்லாம் கையோடு போகட்டும்.

பணமும் போலீசும்

2021 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், சாலை விபத்தில் அடிபட்டவருக்குப் பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரம் கட்டணமில்லாமல் சிகிச்சை உண்டு. தனியார் என்றாலும் பட்டியலில் இருக்கிறதா என்று கேளுங்கள்.

"உதவப் போனா கோர்ட்டுக்கு அலையணுமே" என்ற பயமும் வேண்டாம். 2016-ல் உச்ச நீதிமன்றம் உதவுகிறவருக்குப் பாதுகாப்பு கொடுத்தது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. நல்லெண்ணத்தோடு உதவியவர் மேல் வழக்குப் போட முடியாது. பெயர், முகவரி சொல்லச் சொல்லிக் கட்டாயப்படுத்தவும் முடியாது.

குழுக் கூட்டத்தில் பேச

1. நம் ஊரில் விபத்து அடிக்கடி நடக்கும் இடம் எது? அந்த இடத்தை 108-க்கு எப்படி அடையாளம் சொல்வோம்?

2. ஒரு உறுப்பினரைப் படுக்க வைத்து, மரக்கட்டை போலத் திருப்பிப் பழகுங்கள். தலை யார் பிடிப்பது?

3. சாரல் தொடங்கும் முன் அரைநாள் முதலுதவிப் பயிற்சி வேண்டும் என்று தீர்மானம் எழுதி, ஊக்குநர் மூலம் கூட்டமைப்புக்குக் கொடுங்கள். ஆள் ஏற்பாடு செய்வது எங்கள் பொறுப்பு.

தென்னை மரத்தடியில் நடந்தது நடந்துவிட்டது. அந்தச் சகோதரி இப்போது தன் குழுவில் இந்த ஐந்து விரல் பாடத்தைச் சொல்லித் தருகிறார். "இன்னொருத்தி இந்தக் கேள்வியைக் கேக்கக் கூடாது" என்கிறார். அவர் சொல்வதை நாமும் எடுத்துக் கொள்வோம்.