மாஜேர்ஹாட்டின் இருவகை இரயில்கள்

அலிப்பூரை அடுத்துள்ள மாஜேர்ஹாட்டில் இருவகை இரயில்களைக் காணலாம். தரையில் செல்வது சியால்தா – பட்ஜ்பட்ஜ் புறநகர் இரயில். உயர்த்தப்பட்ட பாதையில் செல்வது மெட்ரோ இரயில். அது 2024ஆம் ஆண்டில் இவ்விடம்வரை நீட்டிக்கப்பட்டது. புறநகர் இரயில் தலைக்கு மேலுள்ள கம்பியிலிருந்து 25,000 வோல்ட் மாறுதிசை மின்சாரத்தைப் பெறுகிறது. மெட்ரோவிற்குக் கம்பி இல்லை. பாதையின் ஓரமாகச் செல்லும் மூன்றாம் தண்டவாளம் 750 வோல்ட் நேர்த்திசை மின்சாரத்தை அளிக்கிறது. அருகருகே ஓடும் இரயில்களுக்குள் ஏன் இத்தனை வேறுபாடு?

மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் பெருக்கினால் மின்திறன் கிடைக்கும். ஓர் இரயிலுக்கு 30 இலட்சம் வாட் தேவை எனக் கொள்வோம். 750 வோல்ட்டில் அதற்கு 4,000 ஆம்பியர் மின்னோட்டம் வேண்டும். 25,000 வோல்ட்டில் 120 ஆம்பியரே போதும். கம்பியில் வெப்பமாக வீணாகும் திறனோ மின்னோட்டத்தின் இருமடியைப் பொறுத்தது. எனவே மின்தடை சமமாயின், குறைந்த மின்னழுத்தத்தில் இழப்பு ஏறத்தாழ 1,100 மடங்கு மிகும்! இதனாலேயே மெட்ரோவிற்குத் தடித்த தண்டவாளமும், சில கிலோமீட்டருக்கு ஒரு துணைமின் நிலையமும் தேவைப்படுகின்றன.

அவ்வாறாயின் எங்கும் 25,000 வோல்ட்டையே பயன்படுத்தலாமே? அங்குதான் சிக்கல். உயர் மின்னழுத்தம் காற்று இடைவெளியையும் தாண்டிப் பாயக்கூடும். ஆகவே கம்பிக்கும் சுவருக்கும் இடையே போதிய தொலைவு விடவேண்டும். சுரங்கத்தைப் பெரிதாகக் குடையவேண்டும். மேலும், மோட்டாரை இயக்கும் குறைக்கடத்திச் சாவிகள் 25,000 வோல்ட்டை நேரடியாகத் தாங்கமாட்டா. மின்னழுத்தத்தைக் குறைக்கும் எடைமிக்க மின்மாற்றியை இரயிலே சுமந்து செல்லவேண்டும். 750 வோல்ட் இரயிலுக்கு அச்சுமை இல்லை. எனினும் 750 வோல்ட்டை எளிதாக எண்ணலாகாது. மூன்றாம் தண்டவாளத்தைத் தொட்டால் உயிர் போகும்.

1984இல் இந்தியாவின் முதல் மெட்ரோவைத் தொடங்கிய கொல்கத்தா, 750 வோல்ட்டைத் தேர்ந்தது. சென்னையின் வழி வேறு. அங்கு 1931இல் கடற்கரை – தாம்பரம் மின்சார இரயில் 1,500 வோல்ட்டில் ஓடத் தொடங்கிற்று. 1960களில் அது 25,000 வோல்ட்டிற்கு மாற்றப்பட்டது. 2015இல் தொடங்கிய சென்னை மெட்ரோ, சுரங்கத்தினுள்ளும் 25,000 வோல்ட்டிலேயே ஓடுகிறது.

பயிற்சி

1. 15 இலட்சம் வாட் தேவைப்படும் இரயிலுக்கு 750 வோல்ட்டில் எத்தனை ஆம்பியர் வேண்டும்?
2. சென்னை மெட்ரோ இரயில் மின்மாற்றியைச் சுமந்து செல்லக் காரணம் யாது?
3. பிரித்து எழுதுக: மின்னழுத்தம், மின்னோட்டம்.