கனவை நினைவிற் கொள்ளலும் கனவினுள் விழித்தலும்

பொழுது புலர்ந்ததும், "இரவு ஒரு கனவுங் கண்டிலேன்" என்று கூறுவோர் நம்மிற் பலர். பெரும்பாலும் அவர்கள் கண்டிருப்பர், கண்டதை மறந்திருப்பர். மறந்த கனவை மீட்பது எங்ஙனம், கனவு நிகழும்போதே அதனைக் கனவென்று அறிவது எங்ஙனம் என்னும் இரண்டையும் இவ் விழாமலரிற் சுருங்க ஆராய விழைகின்றோம்.

உறக்கம் ஒரே தன்மையதன்று. 1953ஆம் ஆண்டிற் சிக்காகோ சர்வகலாசாலையைச் சேர்ந்த அசெரின்ஸ்கி, கிளைற்மன் என்னும் இருவர், உறங்குவோரின் கண்கள் மூடிய இமைகளின்கீழ் இடையிடையே விரைந்து அசைதலைக் கண்டு வெளியிட்டனர். அவ்வேளையில் எழுப்பப்பட்டோரிற் பெரும்பாலார் தெளிவான கனவுகளை எடுத்துரைத்தனர். இவ் விரைவிழியசைவு உறக்கம் ஏறத்தாழ 90 நிமிடத்துக்கு ஒருமுறை வருவது. முன்னிரவிற் சில நிமிடமே நிற்பது. விடியலை அணுக அணுக நீள்வது. ஆகவே கனவின் செல்வத்திற் பெரும்பகுதி உறக்கத்தின் கடைக்கூற்றிலேயே குவிந்துள்ளது. அக்கடைக்கூற்றைக் குறைத்துக்கொள்பவர் கனவையும் குறைத்துக்கொள்பவராவர்.

அங்ஙனங் கண்ட கனவு ஏன் நிலைப்பதில்லை? விழிப்பு நிலையில் நினைவைப் பதிப்பதற்குத் துணைசெய்யும் நோரதிரனலின் என்னும் பொருள், அவ்வுறக்கத்தில் மூளையில் மிகக் குறைந்துவிடுவது ஒரு காரணமென ஆராய்ச்சியாளர் கருதுவர். மற்றொரு காரணம் நம் பழக்கம். விடுதி மணி ஒலித்ததும் துள்ளியெழுந்து கிணற்றடிக்கு ஓடிய நாள்களை அன்பர்கள் நினைவுகூர்வார்களாக. கரும்பலகையில் எழுதியதை மாணவன் படிக்குமுன் அழித்துவிட்டால் அவன்பாற் குறைகூறலாமோ? புலர்காலை அவசரமும் அத்தகையதே.

எனவே முதற்பயிற்சி வருமாறு. தலைமாட்டில் ஒரு கொப்பியும் பென்சிலும் வைத்துக்கொள்க. படுக்கைக்குச் செல்லும்போது, "இன்று காணுங் கனவை நினைவிற் கொள்வேன்" என்று உறுதியோடு எண்ணுக. விழித்ததும் அசையற்க, கண்ணைத் திறவற்க. "இப்பொழுது என் உள்ளத்தில் என்ன நிகழ்ந்துகொண்டிருந்தது?" என்று மெல்ல வினவுக. ஒரு முகமோ, ஒரு வீதியோ, ஓர் அச்சமோ அகப்படின் அதனைப் பற்றிப் பின்னோக்கிச் செல்க. நூலின் ஒருமுனை கிடைத்தாற் பந்து முழுவதும் அவிழும். ஒன்றும் அகப்படாவிடின், முன்பு படுத்திருந்த பக்கமாகப் புரண்டு சிறிது நேரங் கிடக்க. பின்னர் நினைவில் வந்ததை வந்தபடியே, ஒரு சொல்லாயினும், எழுதுக. காரணகாரியம் பொருத்தி அழகுசெய்தல் ஆகாது. சில வாரங்களில் வெறுந் துணுக்குகள் முழுக் கனவுகளாக வளர்வதைக் காணலாம்.

இனி இரண்டாவது பகுதிக்கு வருவோம். கனவு காண்கின்றோம் என்ற அறிவோடு காணுங் கனவைத் தெளிகனவு என்போம். ஒல்லாந்து தேசத்து வைத்தியரும் எழுத்தாளருமாகிய பிரெடரிக் வான் ஈடன் தம் கனவுகளைப் பல்லாண்டு குறித்துவைத்து, 1913ஆம் ஆண்டில் இதுபற்றிக் கட்டுரை வரைந்தார். கற்றோர் பலர் நெடுங்காலம் இதனை நம்பவில்லை. உறங்குபவன் தன் அறிவை எவ்வாறு நிறுவுவான்? அவ்வுறக்கத்தில் உடற்றசைகள் செயலற்றுக் கிடக்கும், கண்களோ அசையும். இவ்வுண்மையைப் பற்றி 1975இல் இங்கிலாந்தின் ஹல் சர்வகலாசாலையிற் கீத் ஹேர்ண் ஒரு சோதனை செய்தார். முன்னரே பேசிக்கொண்டபடி, உறங்கியவர் கனவினுள்ளிருந்து கண்களை இடமும் வலமும் அசைத்துச் சைகை காட்டினார். கருவி அதனைப் பதிந்தது. சில ஆண்டுகளின் பின் அமெரிக்காவில் ஸ்ரீவன் லபேர்ஜும் தனித்து இதனை நிறுவினார். 2021இல் வெளியான நான்கு நாட்டு ஆய்வொன்றில், 8இலிருந்து 6ஐக் கழிக்கக் கேட்டபோது, கனவு கண்டுகொண்டிருந்த ஒருவர் கண்ணை இருமுறை அசைத்து விடை பகர்ந்தார்.

இதற்குரிய பயிற்சி மூன்று கூறுடையது. முதலாவது, பகலிற் பலமுறை, "இது கனவோ?" என்று உண்மையாகவே ஐயுற்றுச் சோதித்தல். ஓர் எழுத்துவரியைப் படித்து, முகந்திருப்பி, மீண்டும் படிக்க. கனவில் அது பெரும்பாலும் மாறிவிடும். மூக்கைப் பொத்தி மூச்சிழுத்துப் பார்க்க. கனவில் மூச்சுத் தடைப்படாது. இரண்டாவது, கொப்பியைப் படித்து நம் கனவுகளில் அடிக்கடி வரும் பொருந்தாமையைக் கண்டறிதல். மூன்றாவது, லபேர்ஜ் வகுத்த முறை: விடியற்புறம் ஒரு கனவினின்று விழித்தபோது அதனை மனத்திலிருத்தி, "அடுத்த கனவில், இது கனவென்பதை நினைவுகூர்வேன்" என்று எண்ணியவாறே மீண்டும் உறங்குதல்.

இதனால் யாது பயன் என வினவுவோர்க்கு எம் அனுபவத்தையே கூறுகின்றோம். 1995ஆம் ஆண்டு ஐப்பசியில் வலிகாமத்து மக்கள் ஊர்விட்டுப் பெயர்ந்த இரவில், யாமும் எம் அன்னையாரைக் கைப்பிடித்து, மழையில் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தோம். இருவரும் சுகமே கடந்தோம். அன்னையார் பல்லாண்டின் பின் வீட்டிலேயே காலமானார். ஆயினும் எம் கனவில் அப்பாலத்தில் அவர் கை நழுவிக்கொண்டேயிருந்தது. யாம் அலறி எழுந்துகொண்டேயிருந்தோம். கனவுகளை எழுதத் தொடங்கிய பின்னரே ஒன்றைக் கவனித்தோம்: கனவில் மழை பெய்யும், எம் உடை நனைவதில்லை. ஒருநாள் விடியற்புறம் சட்டைக் கையைத் தொட்டுப் பார்த்தோம், உலர்ந்திருந்தது. கனவென்று அறிந்தோம். ஓடுவதை விடுத்துத் திரும்பினோம். அன்னையார் சில அடி தூரத்தில் நின்றார். அவர் கையைப் பற்றினோம், விழித்துக்கொண்டோம். அக்கனவு அறவே ஒழிந்ததென்று கூறோம். வரும்போது அஞ்சி எழுவதில்லை என்பதே உண்மை.

எச்சரிக்கையும் வேண்டும். பரீட்சைக்கு ஆயத்தஞ் செய்யும் மாணவர் இதன்பொருட்டு உறக்கத்தைக் கெடுத்துக்கொள்ளலாகாது. நனவையும் கனவையும் பிரித்தறிய இடர்ப்படுவோர் இப்பயிற்சியைத் தவிர்க்க. கொடுங்கனவால் வருந்துவோர் வைத்தியரை நாடுக. அக்கனவின் முடிவைப் பகலில் மாற்றி எழுதி, மனத்தில் நாள்தோறும் ஒத்திகை பார்க்கும் சிகிச்சைமுறை இன்று வழக்கில் உண்டு.

சாக்கிரம், சொப்பனம், சுழுத்தி, துரியம், துரியாதீதம் என ஐந்து அவத்தைகளைச் சமயபாடத்தில் நாம் மனனஞ் செய்தோம். தெளிகனவைத் துரியமென மயங்குதல் பிழை. அது சொப்பனத்துள் நனவின் ஒரு கீற்று மாத்திரமே. எனினும் உயிர் ஒவ்வோரிரவும் இந்நிலைகளினூடே சென்று மீள்கின்றது என்பதை வாய்ப்பாடாகக் கற்ற நாம், அதனைக் கண்டுணர ஒரு கொப்பியும் பென்சிலும் போதுமென்பதை அறிதல் நன்று. இம்மலரைப் படித்து முடித்த இரவே அன்பர்கள் தொடங்குவார்களாக.