டிக்கி வைத்த காரா, வைக்காத காரா? செகண்ட் ஹேண்ட் கார் வாங்க ஒரு வழிகாட்டி

தமிழ்நாட்டில் எந்த ஊர் கார் கன்சல்டிங்குக்குப் போனாலும் முன்வரிசையில் நிற்பவை ஸ்விஃப்ட், வேகன் ஆர், ஆல்டோ, ஐ10, ஐ20 போன்ற, டிக்கி தனியாக நீளாத ஹேட்ச்பேக்குகள். சிட்டி, வெர்னா, சியாஸ் போன்ற, தனி டிக்கி வைத்த செடான்கள் எல்லாம் பின்னால் நிற்கும். முன்வரிசை வண்டிகள் வந்த வேகத்தில் போய்விடும். பின்னால் நிற்பவற்றுக்கு ஆள் வரவேண்டும்.

காரணங்கள் நியாயமானவைதான். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்ததிலிருந்து நம் குடும்பங்களின் முதல் கார் என்றால் அது சின்ன கார்தான். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோ வந்தது. அதே ஆண்டின் கடைசியில் டாடா இண்டிகா அறிமுகமானது. இப்படி வளர்ந்த பழக்கத்தால் இன்று சின்ன ஊர் மெக்கானிக்குக்கும் ஸ்விஃப்ட்டின் கிளட்ச் மாற்றுவது கைவந்த வேலை; ஸ்பேர் பக்கத்துக் கடையிலேயே கிடைக்கும். தெருவும் குறுகல், வீட்டுப் போர்டிகோவும் குறுகல். ஆகவே கிராக்கி ஹேட்ச்பேக்குக்கு. கிராக்கி இருக்கும் இடத்தில் விலையும் இறங்காது. ஒரே ஆண்டில் வாங்கிய ஹேட்ச்பேக்கையும் நடுத்தர செடானையும் எடுத்துக்கொண்டால், புதிதாக இருந்தபோது இரண்டுக்கும் இடையில் இருந்த விலை வித்தியாசம் ஏழெட்டு வருடத்தில் பெருமளவு கரைந்துவிடும். செடானின் முதல் ஓனர் இழந்த பணம் அது. அடுத்து வாங்குபவருக்கு அதுவே லாபம். அந்த லாபம் உங்களுக்குப் பொருந்துமா என்று பார்ப்பதற்குத்தான் கீழே உள்ள படிகள்.

முதல் படி: எத்தனை வருடம் வைத்திருப்பீர்கள்?

காரைப் பார்க்கப் போகும் முன் இதை முடிவு செய்துகொள்ளுங்கள். ஓட்டிப் பழகவும், இரண்டு மூன்று வருடம் கழித்து வேறு கார் மாற்றவும் நினைப்பவருக்கு ஹேட்ச்பேக்தான் சரி. கூடுதலாகக் கொடுத்த பணம் விற்கும்போது திரும்பி வந்துவிடும், விற்பதும் சுலபம். ஏழு எட்டு வருடம் இதே கார்தான் என்று இருப்பவர், மறுவிற்பனை மதிப்பு என்ற ஒரு காரணத்துக்காக ஹேட்ச்பேக்குக்குக் கூடுதல் விலை கொடுப்பதில் அர்த்தமில்லை. அவர் விற்கப் போகும்போது எந்த வண்டியாக இருந்தாலும் அடிமட்ட விலையைத் தொட்டிருக்கும். இடைப்பட்ட வருடங்களில் செடான் தரும் சொகுசு அவருக்கு மிச்சம்.

இரண்டாம் படி: யார் உட்காரப் போகிறார்கள்?

வீட்டில் மூட்டுவலிக்காரர் இருந்தால் அவரையும் அழைத்துக்கொண்டு போங்கள். செடான்களில் இருக்கை தாழ்வு. ஏறும்போது குனிந்து இறங்கி உட்காரவேண்டும், இறங்கும்போது முழங்காலை ஊன்றி எழவேண்டும். பின்பக்கம் கூரை சரிந்து வருவதால் உயரமானவருக்குத் தலையும் இடிக்கும். வேகன் ஆர் போன்ற உயரமான ஹேட்ச்பேக்கில் நாற்காலியில் உட்காருவதுபோல உட்கார்ந்து எழலாம். என் கணக்கில், பாட்டி தாத்தா தினமும் ஏறும் வீட்டுக்கு இந்த ஒன்றே போதும், மேற்கொண்டு செடான் பக்கம் போகவேண்டாம்.

மாறாக, மாதம் ஒருமுறை நாலு பேரும் பெட்டிகளுமாகச் சென்னையிலிருந்து மதுரை, நெல்லை என்று நெடுஞ்சாலையில் போகிற குடும்பம் என்றால் செடான் தன் மதிப்பைக் காட்டும். சிட்டி, சியாஸ் டிக்கி சுமார் 500 லிட்டர். டொயோட்டா எட்டியோஸ் 590-ஐத் தாண்டும். 2018 ஸ்விஃப்ட்டில் 268, ஆல்டோ 800-ல் 177. ஒரு பெரிய பெட்டி வைத்தாலே ஆல்டோவின் டிக்கி முடிந்தது; மற்றவை மடிமேல்தான். பின்சீட்டுக்குத் தனி ஏசி வென்ட் இருக்கிறதா என்றும் பாருங்கள். கிராண்ட் ஐ10 போன்ற ஒன்றிரண்டைத் தவிர, பழைய ஹேட்ச்பேக்குகள் பலவற்றில் கிடையாது. மே மாதத்தில் திருச்சியைத் தாண்டும்போது பின்னால் இருக்கும் குழந்தைகளுக்கு இது பெரிய விஷயம்.

சிஎன்ஜி வண்டி தேடுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். பெரும்பாலான ஹேட்ச்பேக்குகளில் சிலிண்டர் ஏறினால் டிக்கி என்று ஒன்று இருப்பதாகவே நினைக்கவேண்டாம்.

மூன்றாம் படி: டேப் எடுங்கள்

வேகன் ஆர் 3.65 மீட்டர் நீளம். ஸ்விஃப்ட் 3.84. டிசையர் 4 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. 2014-ல் வந்த சிட்டி 4.44 மீட்டர். அபார்ட்மென்ட்டில் இரண்டு தூணுக்கு நடுவில் இடம் என்றால் நீளத்தோடு கதவு திறக்கும் அகலத்தையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். தனி வீடு என்றால் கேட்டை உள்பக்கமாக மடக்கியபின் மிஞ்சும் நீளம்தான் கணக்கு. தெருமுனையில் ஒரே திருப்பில் திரும்ப முடியுமா என்பது அடுத்தது. இந்த அளவுகளில் தோற்கும் வண்டியை விலை மலிவு என்பதற்காக வாங்காதீர்கள். தினமும் இரண்டு முறை அவதிப்படுவீர்கள்.

நான்காம் படி: விலையை மூன்று பக்கமும் விசாரியுங்கள்

ஒரே பட்ஜெட்டுக்குள் வரும் மூன்று வண்டிகளை எடுங்கள்: ஒரு ஹேட்ச்பேக், நாலு மீட்டருக்குள் வரும் ஒரு குட்டி செடான், ஒரு நடுத்தர செடான். மாடல் வருடம், ஓடிய கிலோமீட்டர், எத்தனையாவது ஓனர் ஆகியவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால், அதே பணத்துக்கு செடான் எத்தனை வருடம் பழையது என்று தெரியும். ஒன்றிரண்டு வருடம்தான் வித்தியாசம் என்றால் செடானைப் பாருங்கள். நாலைந்து வருடம் என்றால் யோசியுங்கள். பத்து வயதைத் தாண்டிய செடானில் சஸ்பென்ஷன், ஏசி கம்ப்ரஸர், ரப்பர் புஷ் எல்லாம் ஒரே நேரத்தில் செலவு கேட்கும்.

நான்காவதாக ஒரு விலையும் கேட்டுவையுங்கள்: அதே ஹேட்ச்பேக்கின் புது விலை. 2025 செப்டம்பர் 22 முதல் நாலு மீட்டருக்குள், 1200 சிசிக்குள் வரும் பெட்ரோல் கார்களுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதமும் செஸ்ஸும் என்றிருந்தது 18 சதவீதமாக இறங்கியது. இரண்டு வயது ஹேட்ச்பேக்குக்கு விற்பவர் பழைய புது விலையை மனதில் வைத்துக் கேட்பார். நீங்கள் இன்றைய ஷோரூம் விலையைச் சொல்லிப் பேசுங்கள்.

செடான் என்றால் செலவு கூட என்று பொதுவாகச் சொல்வார்கள். டயர், பாடி பார்ட்ஸ் விஷயத்தில் உண்மை. ஆனால் தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் காரின் உருவத்தைப் பார்ப்பதில்லை, என்ஜின் சிசியைத்தான் பார்க்கிறது. 2022 ஜூனில் நிர்ணயித்தபடி 1000 சிசி வரை ரூ.2,094, 1000 முதல் 1500 வரை ரூ.3,416, அதற்கு மேல் ரூ.7,897. 1197 சிசி ஸ்விஃப்ட்டும் 1497 சிசி சிட்டியும் ஒரே தட்டு. 1.6 லிட்டர் வெர்னா அடுத்த தட்டுக்குப் போய்விடும்.

ஐந்தாம் படி: குட்டி செடானின் பூர்வீகம்

2006 பட்ஜெட்டில் நாலு மீட்டருக்கு உட்பட்ட சின்ன கார்களுக்கு வரி குறைக்கப்பட்டது. அதற்காகவே டிக்கியைச் சுருக்கிப் பிறந்த வகை இது. 2008-ல் இண்டிகோ சிஎஸ் வந்தது. 2012-ல் டிசையரும் வாலைக் குறைத்துக்கொண்டது. எக்ஸென்ட், அமேஸ், ஆஸ்பயர், டிகோர் எல்லாம் இதே வழி. ஒவ்வொன்றும் ஒரு ஹேட்ச்பேக்கின் உடன்பிறப்பு என்பதால் என்ஜின் பாகங்கள் பெரும்பாலும் பொது; மெக்கானிக் தேடி அலையவேண்டாம். ஹேட்ச்பேக்கின் செலவில் செடானின் டிக்கி கேட்பவருக்கு நான் முதலில் சொல்வது இந்த வகைதான்.

ஆனால் டிசையர், எட்டியோஸ், எக்ஸென்ட் மூன்றும் டாக்ஸியாகத் திரளாக ஓடியவை. மஞ்சள் போர்டு வண்டியை வெள்ளை போர்டாக மாற்றி விற்பது சட்டப்படி சரிதான். ஆனால் அதைச் சொல்லாமல் ஓன் போர்டு விலைக்கு விற்பது சரியில்லை. ஆர்.சி.யில் இன்று மோட்டார் கார் என்றே இருக்கும். அதனால் பழைய இன்சூரன்ஸ் பாலிசிகளைக் கேளுங்கள். டாக்ஸியாக ஓடிய வருடங்களில் கமர்ஷியல் பாலிசி இருந்திருக்கும். கூரை ஓரத்தில் கேரியர் கடித்த தழும்பு, கதவில் ஸ்டிக்கர் உரித்த இடத்தில் பெயின்ட் நிற மாற்றம், பின்சீட் நுரை மட்டும் அளவுக்கு மீறி அமுங்கியிருப்பது, இவையும் சொல்லிக்கொடுக்கும். மீட்டர் 60,000 காட்டும்போது பிரேக் பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தால், கம்பெனி சர்வீஸ் சென்டரில் வண்டி எண்ணைக் கொடுத்து சர்வீஸ் ஹிஸ்டரி எடுத்துவிடுங்கள்.

ஆறாம் படி: வண்டியைத் திறந்து பாருங்கள்

பகல் வெளிச்சத்தில், கழுவித் துடைக்காத வண்டியாகப் பார்ப்பது நல்லது. பின்பக்கத்திலிருந்து தொடங்குங்கள்.

செடானில் டிக்கி மூடியைத் திறந்து, ஓரம் முழுக்க ஓடும் கருப்பு ரப்பர் பீடிங்கை ஒரு சாண் நீளத்துக்கு விரலால் உருவுங்கள். அடியில் தகரம் தெரியும். கம்பெனி வெல்டிங் என்றால் சின்ன வட்டக் குழிகள் ஒரே இடைவெளியில் வரிசையாக இருக்கும். குழிகள் காணாமல் போய் சீலன்ட் பூசி மெழுகியிருந்தால் பின்னால் பலமாக அடி வாங்கி டிங்கரிங் ஆகியிருக்கிறது. அடுத்து கார்பெட்டைத் தூக்கி, ஸ்டெப்னியை எடுத்து, அது உட்காரும் பள்ளத்தைத் தடவுங்கள். தகரத்தில் மடிப்பு, சுருக்கம், துரு எதுவும் இருக்கக்கூடாது. ஹேட்ச்பேக்கில் இந்தச் சோதனை இன்னும் முக்கியம். செடானில் பின்னால் இடித்தால் டிக்கி பெரும்பாலும் தாங்கிவிடும். ஹேட்ச்பேக்கில் பின்கதவுக்கும் சீட்டுக்கும் இடையே தூரமே கிடையாது, அடி நேரே பாடிக்குப் போகும். பின்கதவை மெதுவாகச் சாத்துங்கள். இரண்டு பக்க இடைவெளியும் சமமாக இருக்கவேண்டும்.

குனிந்து செடானின் அடிவயிற்றையும் பாருங்கள். சக்கரங்களுக்கு இடையே தூரம் அதிகம் என்பதால், ஆள் நிறைந்து போகும்போது ஸ்பீடு பிரேக்கரில் நடுப்பகுதி உரசும். லேசான கீறல் பரவாயில்லை. சைலன்ஸர் குழாய் நசுங்கியிருந்தாலோ தரைத் தகரம் உள்வாங்கியிருந்தாலோ விலையில் பேசுங்கள்.

சென்னைப் பதிவு வண்டி என்றால் வெள்ளத்தை மறக்கவேண்டாம். 2015 டிசம்பர், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் என இரண்டு முறை ஏராளமான கார்கள் மூழ்கின. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். வெளியே தெரியும் பகுதியைக் கழுவிவிடலாம். உள்ளே சுருண்டிருக்கும் பகுதியில் சேற்று வரி அப்படியே நிற்கும். முன்சீட்டைத் தாங்கும் கம்பிகளில் துரு, கார்பெட்டுக்கு அடியில் ஈர வாடை இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள், எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் சரி.

பாதுகாப்பில் நினைவில் வைக்கவேண்டிய வருடம் 2019. அந்த ஏப்ரலில் ஏபிஎஸ்-ஸும் ஜூலையில் டிரைவர் ஏர்பேக்கும் கட்டாயமாயின. அதற்கு முந்தைய ஹேட்ச்பேக்குகளின் கீழ் வேரியன்ட்களில் பல சமயம் இரண்டுமே இருக்காது. அதே காலத்து நடுத்தர செடான்களில் கிடைக்க வாய்ப்பு அதிகம். குடும்பத்தோடு ஓட்டப்போகும் வண்டியில் இதை மியூசிக் சிஸ்டத்துக்கும் அலாய் வீலுக்கும் முன்னால் வையுங்கள்.

டயர் ஓரத்தில் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம் செய்தது. ஆறு வயது தாண்டியிருந்தால் செட் மாற்றும் செலவை விலையில் கழியுங்கள்.

ஏழாம் படி: ஆள் ஏற்றி ஓட்டுங்கள்

தனியாக ஓட்டிப் பார்ப்பதில் பாதிதான் தெரியும். நாலு பேர் உட்கார, ஏசி போட்டு, ஒரு மேம்பாலம் ஏறுங்கள். 800 சிசி, 1000 சிசி ஹேட்ச்பேக் அப்போது எவ்வளவு திணறும் என்று தெரிந்துவிடும். செடானில் நெரிசலான கடைத்தெருவில் ரிவர்ஸ் எடுத்துப் பாருங்கள். பின்னால் வால் எங்கே முடிகிறது என்று தெரியாமல் தடுமாறினால் ரிவர்ஸ் கேமராவுக்கும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

கடைசிப் படி: காகிதம்

பரிவாஹன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டு ஆர்.சி., இன்சூரன்ஸ், கடன், நிலுவை இ-சலான் எல்லாம் பாருங்கள். கடன் இருந்தால் பேங்க் என்.ஓ.சி.யும் ஃபார்ம் 35-ம் கைக்கு வரும்வரை முழுப் பணத்தையும் கொடுக்கவேண்டாம். பெயர் மாற்ற ஃபார்ம் 29, 30. மாநிலத்துக்குள் என்றால் விற்றவர் 14 நாளுக்குள் தெரிவிக்கவேண்டும், வாங்கியவர் 30 நாளுக்குள் விண்ணப்பிக்கவேண்டும். டெல்லியிலிருந்து வரும் டீசல் செடான்களின் விலை கண்ணைப் பறிக்கும். பத்து வருட டீசல் கட்டுப்பாட்டுக்குப் பயந்து அங்கே தள்ளிவிடப்பட்டவை அவற்றில் பல. ஃபார்ம் 28 என்.ஓ.சி., இங்கே கட்டவேண்டிய லைஃப் டாக்ஸ் இரண்டையும் கூட்டியபின் மலிவாக இருக்கிறதா என்று பாருங்கள்.

இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். விற்றவரின் நோ கிளெய்ம் போனஸ் அவரோடு போய்விடும். அந்த வித்தியாசத்தை நீங்கள் கட்டவேண்டியிருக்கும், முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். சாவி வாங்கும்போது டெலிவரி நோட்டில் தேதியோடு மணி, நிமிடமும் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். காலையில் அவர் ஓட்டியபோது விழுந்த சலான் யாருடையது என்ற தகராறு வராது. அவருடைய ஃபாஸ்டேகை அங்கேயே உரித்துக் கொடுத்துவிட்டு, உங்கள் பெயரில் புதிதாக ஒன்று ஒட்டிக்கொள்ளுங்கள்.