ஜப்பானில் சாப்பிடப் போறீங்களா? சில்லறை இருக்கட்டும்!

புல்லட் ரயில் ஓடுகிற ஊரில் ரொக்கம் எதற்கு என்று, கார்டை மட்டும் நம்பி டோக்கியோவில் போய் இறங்கியவள் நான். பெரிய கடைகளிலும் ஓட்டல்களிலும் ஒரு சிக்கலும் இல்லை. ஆனால் மணம் மூக்கைத் துளைப்பதென்னவோ சந்துக்குள் எட்டு ஸ்டூல் போட்ட ராமென் நூடுல்ஸ் கடையிலிருந்துதான். அந்த மாதிரிக் கடைகள் பலவற்றில் இன்றைக்கும் காசுதான் செல்லும். பட்டுத் தெரிந்துகொண்டவை சில:

1. உட்காருவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். 'காடோ தைஜோபு தெஸ்கா?' என்றால் கார்டு பரவாயில்லையா என்று அர்த்தம். கடைக்காரர் இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு முன்னால் பெருக்கல் குறி மாதிரி வைத்துக் காட்டினால் செல்லாது. கோபம் என்று நினைத்துவிட வேண்டாம், அங்கே 'இல்லை' சொல்கிற விதமே அதுதான். 'கென்கின் நோமி' என்று பதில் வந்தால் ரொக்கம் மட்டும்.

2. பல ராமென் கடைகளில் வாசலை ஒட்டி டோக்கன் மெஷின் நிற்கும். முதலில் பணத்தைப் போட வேண்டும், பிறகு பட்டன். சீட்டு விழுந்ததும் எடுத்துச் சமையல்காரரிடம் நீட்டினால் போதும், பேச்சே தேவையில்லை. எந்தப் பட்டன் என்று புரியாவிட்டால் இடது மேல் மூலையில் இருப்பதை அழுத்துங்கள்; பெரும்பாலும் கடையின் பெயர்போன பண்டம் அதுவாகத்தான் இருக்கும். மீதிச் சில்லறை சில மெஷின்களில் தானாக வராது, அதற்கென்று உள்ள நெம்புகோலையோ பட்டனையோ தட்ட வேண்டும். தட்டாமல் வந்துவிட்டால் பின்னால் வருபவருக்கு யோகம்.

3. முக்கியமான குறிப்பு இதுதான். பணம் இருந்தால் போதாது, 1,000 யென் நோட்டாக இருக்க வேண்டும். நான் 10,000 யென் நோட்டை நுழைத்தேன். மெஷின் உள்ளே இழுத்தது, யோசித்தது, நாக்கை நீட்டுவது போல வெளியே தள்ளியது. நீவிவிட்டு, திருப்பிப் போட்டு, மூன்று முறை முயன்றேன். பின்னால் ஆபீஸ் உடையில் நான்கு பேர், ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை. அது இன்னும் சங்கடமாக இருந்தது. நம் ஊர் கண்டக்டராவது டிக்கெட்டுக்குப் பின்னால் பாக்கியை எழுதித் தருவார். மெஷினிடம் யார் பேசுவது? பசியோடு வெளியே வந்தேன்.

4. அதனால் பெரிய நோட்டைக் கன்வீனியன்ஸ் ஸ்டோரில் மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு தண்ணீர் பாட்டிலோ ஒரு சோற்று உருண்டையோ வாங்கி 10,000 யென்னை நீட்டினாலும் முகம் சுளிக்காமல் மீதி தருவார்கள். காலையிலேயே இதை முடித்துவிட்டால் நாள் முழுக்க நிம்மதி.

5. 2024 ஜூலையில் புதிய நோட்டுகள் வந்தன. பழைய மெஷின்கள் சில அவற்றை ஏற்பதில்லை. புதிய நோட்டில் 1000 என்ற எண் பெரிதாகத் தெரியும். பழையதும் செல்லும் என்பதால் இரண்டு வகையிலும் கொஞ்சம் வைத்திருங்கள்.

6. ஏடிஎம் தேடி அலைய வேண்டாம். செவன் இலெவன் கடைகளிலும் தபால் நிலையங்களிலும் உள்ள மெஷின்கள் வெளிநாட்டு கார்டுகளை ஏற்கும். ஆனால் கிளம்பும் முன்பே உங்கள் வங்கி ஆப்பில் 'வெளிநாட்டுப் பயன்பாடு' திறந்திருக்கிறதா என்று பாருங்கள். 2020-க்குப் பிறகு வழங்கப்படும் இந்திய கார்டுகளில் அது மூடியேதான் வரும். ரூபாயில் கழிக்கவா, யென்னிலா என்று மெஷின் கேட்டால் யென் என்றே சொல்லுங்கள். ரூபாய் என்றால் மாற்று விகிதத்தில் அவர்கள் ஒரு கை பார்த்துவிடுவார்கள். கிரெடிட் கார்டில் பணம் எடுப்பது கடைசி வழியாக இருக்கட்டும், எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும்.

7. கல்லாவில் ஒரு சின்னத் தட்டு இருக்கும். பணத்தை அதில் வையுங்கள், கையில் திணிக்க வேண்டாம். மீதியை உங்கள் கண் முன்னால் எண்ணித் தருவார்கள். டிப்ஸ் வைக்கும் வழக்கம் இல்லை. மேஜையில் காசை விட்டு வந்தால் மறந்துவிட்டீர்கள் என்று தெருவரை ஓடி வந்து கொடுப்பார்கள்.

8. இரவில் 'இசகாயா' எனப்படும் மதுக்கூடத்துச் சாப்பாட்டுக் கடைக்குப் போனால், கேட்காமலே ஒரு குட்டிக் கிண்ணம் வரும். இலவசம் என்று நினைத்துச் சாப்பிட்டு முடித்தால் பில்லில் தலைக்குச் சில நூறு யென் கூடியிருக்கும். ஏமாற்று இல்லை, 'ஓதோஷி' என்ற அந்த ஊர் வழக்கம். கையில் அதற்கும் சேர்த்து ரொக்கம் இருக்கட்டும்.

9. சைவர்களுக்கு: காய்கறிப் படம் போட்ட பட்டனை நம்பி அழுத்த வேண்டாம். சாறு பன்றி எலும்பிலோ உலர்ந்த மீனிலோ இறக்கியதாக இருக்கலாம். காசு போட்ட பிறகு மெஷினிடம் விசாரிக்க முடியாது.

10. பர்ஸை விட ஒரு சுருக்குப் பை உத்தமம். இரண்டே நாளில் நாணயம் குவிந்துவிடும். 1, 5, 10, 50, 100, 500 என்று ஆறு வகை. 50-லும் 5-லும் நடுவில் ஓட்டை. 5 யென்னில் எண்ணே கிடையாது, ஜப்பானிய எழுத்துதான். மஞ்சள் நிறமும் ஓட்டையும் சேர்ந்திருந்தால் அது 5 என்று வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி அறைக்கு வந்ததும் தரம் பிரித்துவிட்டால் மறுநாள் கல்லா முன்னால் தடவ வேண்டியதில்லை.

11. நாணயங்களை நம் ஊர் மணி சேஞ்சர்கள் வாங்குவதில்லை. கடைசி இரண்டு நாள் கார்டை எடுக்காமல் அவற்றையே செலவழியுங்கள். பானம் விற்கும் தெருவோர மெஷின்கள் 10 யென்னிலிருந்து மேலே உள்ளதை விழுங்கிக்கொள்ளும். 1-ம் 5-ம் அங்கே செல்லாது. மிச்சத்தைக் கடையில் மொத்தமாகக் கொட்டலாம் என்றால், ஒரே வகை நாணயம் 20-க்கு மேல் போனால் மறுக்கக் கடைக்காரருக்குச் சட்டம் இடம் தருகிறது. 5 யென்னுக்கு மட்டும் ஒரு வழி உண்டு. 'கோ-என்' என்ற அதன் உச்சரிப்புக்கு நல்ல உறவு என்றும் பொருள் வருவதால், கோயில் உண்டியலில் அதைத்தான் போடுவார்கள். நானும் ஏழு ஓட்டைக் காசுகளைப் போட்டுவிட்டு வந்தேன்.