டானிக் விற்கப் போகும் மகளுக்கு



கிள்ளிக்குளத்தில் வேளாண்மைப் பட்டம் வாங்கிக்கொண்டு திரேஸ்புரத்துக்கே திரும்பிவிட்டாய். கடல்பாசிச் சாற்றைப் பாட்டிலில் அடைத்து, ஏரல் வாழைக்காரர்களுக்கும் விளாத்திகுளம் மிளகாய்க்காரர்களுக்கும் விற்கப் போவதாக எழுதியிருந்தாய். நல்ல யோசனை. கடலும் ஆற்றுப் பாசனமும் கரிசலும் ஒரே மாவட்டத்தில் கிடைக்கிற ஊர்க்காரி இதைச் செய்யாமல் வேறு யார் செய்வது? எவ்வளவு முதல் போடலாம் என்பதை வங்கிக்காரரிடம் கேட்டுக்கொள். நான் மருந்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். இதே தொழிலுக்கு வருகிற மற்ற பிள்ளைகளும் படிக்கட்டும் என்றுதான் பத்திரிகைக்கு அனுப்புகிறேன்.

கடைக்கு வருகிற சம்சாரி, “அண்ணாச்சி, செடி மந்தமா நிக்கு, ஒரு டானிக் குடுங்க” என்றுதான் கேட்பார். டானிக் என்றால் சத்து என்பது அவர் நினைப்பு. நீ அப்படி நினைத்துவிடாதே. யூரியா சத்து, பொட்டாஷ் சத்து. அவற்றை ஏக்கருக்குக் கிலோக்கணக்கில் போடுகிறோம். பயிர் ஹார்மோன் லிட்டருக்குச் சில மில்லிகிராமில் வேலை செய்கிற தகவல். உங்கள் ஊரில் இதை விளங்கவைப்பது சுலபம். துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றுகிறார்கள். கூண்டு எந்தப் படகையும் தொட்டு இழுப்பதில்லை. ஆனால் எண் கூடக் கூட உன்னைப் பெற்ற அப்பா நாட்டுப்படகைக் கரையேற்றிக் கட்டுகிறார். தளத்தில் நிற்கும் பெரிய கப்பலோ கட்டுக்கயிற்றை அவிழ்த்துக்கொண்டு ஆழ்கடலுக்குக் கிளம்புகிறது. ஒரே கூண்டைப் பார்த்து ஒன்று கரைக்கு வருகிறது, மற்றொன்று கடலுக்குப் போகிறது. ஆக்சின் என்ற பயிர் ஹார்மோனும் அப்படித்தான். தண்டை நீளவைக்கிற அதே அளவு ஆக்சின் வேரை நீளவிடாமல் நிறுத்திவிடும். ஆகவே “இந்த மருந்து என்ன செய்யும்?” என்று யாராவது கேட்டால் உடனே பதில் சொல்லாதே. எந்தப் பயிர், எந்த வயது, எந்தப் பாகம், எவ்வளவு என்று நாலும் தெரிந்த பிறகு வாயைத் திற.

அளவின் கொடுமையைக் காட்ட 2,4-டி ஒன்று போதும். அது செயற்கை ஆக்சின். பூவன் வாழையில் கடைசிச் சீப்பு விரிந்த ஐந்து நாளுக்குள் லிட்டருக்கு 25 மில்லிகிராம் கணக்கில் தாரில் தெளித்தால் பழத்தில் விதை தட்டாது. இது வேளாண் பல்கலைக்கழகத்தின் பரிந்துரையிலேயே உண்டு. அதே 2,4-டியைப் பல மடங்கு கூட்டி மக்காச்சோளத்தில் அடித்தால் அகல இலைக் களை முறுக்கிக்கொண்டு சாகிறது. நம் கரிசலில் மக்காச்சோளம் பெருகிய பிறகு இந்த மருந்தும் ஊருக்கு ஊர் வந்துவிட்டது. பக்கத்தில் பருத்தியும் மிளகாயும் நிற்கின்றன. சோளத்துக்கு அடித்த டேங்க்கைச் சரியாகக் கழுவாமல் மறுநாள் பருத்திக்குப் பூச்சிமருந்து கலக்குகிறார்கள். அடுத்து விரிகிற இலையைப் பார். அகலமாக வரவேண்டியது விரல் விரலாகப் பிளந்து, நரம்புகள் இணை இணையாக நீண்டு, வெண்டை இலை மாதிரி நிற்கும். சம்சாரி அதை வைரஸ் என்று எண்ணி இன்னொரு மருந்து வாங்க வருவார். அந்த இலையை அவர் உன் மேஜையில் வைக்கும்போது நீ கேட்கவேண்டியது இதுதான்: “இந்த டேங்க்கைக் கடைசியா எதுக்கு எடுத்தீங்க?” அடுத்த கேள்வி, பக்கத்துப் புஞ்சையில் என்ன அடித்தார்கள், காற்று எந்தப் பக்கம் இருந்தது. இந்த இரண்டுக்கும் பதில் வந்துவிட்டால் பெரும்பாலும் மருந்து விற்கவேண்டிய வேலையே இராது.

கணக்குப் போடத் தெரியாதவர் இந்தத் தொழிலில் இருக்கவே கூடாது. மிளகாயில் பூ உதிராமல் இருக்க என்.ஏ.ஏ. என்ற இன்னொரு செயற்கை ஆக்சின் 10 பிபிஎம், அதாவது லிட்டருக்கு 10 மில்லிகிராம், என்று பரிந்துரை இருக்கிறது. கடையில் கிடைப்பது 4.5 சதவீதக் கரைசல். ஒரு மில்லியில் சுமார் 45 மில்லிகிராம். அந்த ஒரு மில்லியை நாலரை லிட்டர் தண்ணீரில் கலந்தால் 10 பிபிஎம். பத்து லிட்டர் டேங்க்குக்கு 2.2 மில்லி. வயலில் என்ன நடக்கிறது? “ஒரு மூடி ஊத்துங்க” என்கிறார்கள். மூடி ஐந்து மில்லி பிடித்தால் 22 பிபிஎம் ஆகிவிட்டது. செடி பூ பிடிக்கும் என்று எதிர்பார்த்த இடத்தில் இலை சுருண்டு நிற்கும். மருந்தகத்தில் கிடைக்கிற ஊசியில்லாத சிரிஞ்சை ஒவ்வொரு பாட்டிலோடும் சும்மா கொடு. உன் விளம்பரத்துக்குச் செலவழிப்பதைவிட அது பயன் தரும்.

அளவு சரியாக இருந்தாலும் நேரம் தப்பினால் காசு வீண். பாகல், புடல், சுரை போன்ற கொடிகளில் எத்ரல் (எத்திபான்) தெளித்தால் பெண் பூ கூடும் என்று படித்திருப்பாய். உண்மைதான். ஆனால் கொடி இரண்டு இலை, நாலு இலை விட்டு நிற்கிற சமயத்தில் தொடங்கவேண்டும். பந்தலில் ஏறி ஆண் பூவாகக் கொட்டிய பிறகு ஓடிவருகிறவருக்கு அதை விற்காதே. பூ ஆணா பெண்ணா என்பது அது கண்ணுக்குத் தெரியுமுன்பே தீர்மானமாகிவிடுகிறது.

பூ உதிர்வும் அப்படி எளிய விஷயம் இல்லை. மண் காய்ந்தால் செடிக்குள் அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோன் கூடுகிறது, இலைத்துளைகள் மூடுகின்றன, உணவு தயாரிப்பு குறைகிறது. இருக்கிற வரவுக்குத் தாங்காத பூவையும் பிஞ்சையும் செடியே கழித்துவிடுகிறது. கார்த்திகை மழை ஏமாற்றிய வருஷம் மானாவாரி மிளகாய் பூவைக் கொட்டினால், அது செடி சரியாகப் போட்ட கணக்கு. அங்கே என்.ஏ.ஏ. அடித்துப் பூவை நிறுத்திவைத்தாலும் காய் திரளத் தண்ணீர் எங்கிருந்து வரும்? மண்ணில் ஈரம் இருந்து, உரமும் சரியாக இருந்து, வெயில் உறைப்பால் மட்டும் பூ கொட்டுகிறதென்றால் அப்போது மருந்துக்கு வேலை உண்டு. மற்றபடி “மழை வரட்டும் அண்ணாச்சி” என்று சொல்லி அனுப்பு. கடை வைத்திருப்பவர் வாயிலிருந்து வரக் கடினமான வாக்கியம் அது, பழகிக்கொள்.

வெள்ளமும் ஹார்மோன் விவகாரம்தான். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியதும், தாமிரபரணி கரை உடைத்து ஸ்ரீவைகுண்டம், ஏரல் பக்கம் வாழைக்குள் நின்றதும் உனக்கு மறந்திருக்காது. தண்ணீர் தேங்கினால் வேருக்குக் காற்று இல்லை. காற்றில்லாத வேரில் எத்திலீன் என்ற ஹார்மோனின் முன்பொருள் சேர்ந்து தண்டு வழியாக மேலே போகிறது. காற்றுள்ள இலையில் அது எத்திலீனாக மாறி, காம்பு தொங்கி, இலை பழுக்கிறது. தக்காளியில் இதைத் தெளிவாகக் கண்டிருக்கிறார்கள். இன்னொரு பக்கம், வேர் செத்தால் அங்கிருந்து மேலே வரவேண்டிய சைட்டோகைனின் என்ற ஹார்மோனும் குறைகிறது, பசுமை நிற்காது. தண்ணீரில் நிற்கிற பயிருக்குத் தொங்கிய இலையைப் பார்த்துச் சத்துக் குறைவு என்று சொல்லி டானிக் விற்பவர்கள் எல்லா வெள்ளத்துக்குப் பிறகும் வருகிறார்கள். முதலில் வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடிக்கவேண்டும். புது வேர் விட்ட பிறகுதான் மற்றதெல்லாம்.

காசில்லாத வளர்ச்சிக் கட்டுப்பாடு ஒன்றும் உண்டு, நகம். உடன்குடித் தேரியில் பி.கே.எம்.1 முருங்கை போட்டவர் செடி 75 சென்டிமீட்டர் வந்ததும் நுனியைக் கிள்ளுகிறார். நுனிக்குருத்திலிருந்து கீழே இறங்கும் ஆக்சின் நின்றுபோக, பக்கமொட்டுகள் கிளம்புகின்றன. கிள்ளாமல் விட்டுவிட்டு, “கிளை விடலை, மருந்து குடு” என்று வருகிறவர்கள் உண்டு. கிள்ளச் சொல்.

ஹார்மோனைக் கூட்டுவதுதான் வளர்ச்சி என்று இன்னும் உனக்குத் தோன்றினால் நெல்லைப் பார். 1926-இல் தைவானில் குரோசாவா என்ற ஜப்பானியர், நாற்று வெளிறி ஓங்கி வளர்ந்து சரிந்து சாகிற நோய்க்கு ஒரு பூஞ்சை சுரக்கும் பொருளே காரணம் என்று காட்டினார். அந்தப் பொருள்தான் ஜிபரலின். நாற்பது ஆண்டு கழித்து, 1966-இல், ஐ.ஆர்.8 நெல் ரகம் வந்தது. அதன் குட்டைத்தனத்துக்குக் காரணம் ஜிபரலினை உண்டாக்கும் மரபணு ஒன்று கெட்டுக் கிடப்பது. மரபணு இன்னதென்று 2002-இல்தான் கண்டுபிடித்தார்கள். குட்டையாக நின்றதால் யூரியா போட்டாலும் சாயவில்லை, மணி கூடியது. நம் ஊர்ப் பசியைத் தணித்தது ஒரு ஹார்மோன் குறைந்த பயிர்.

நாட்டுக் கரைசல்களைப் பற்றி ஒரு வார்த்தை. உன் படிப்பு தருகிற திமிரில் கோமியம் சேரும் பஞ்சகவ்யத்தையும் தேங்காய் சேரும் தேமோர்க் கரைசலையும் கேலி செய்யாதே. முக்கிய ஆக்சினான இண்டோல் அசிட்டிக் அமிலத்தை 1934-இல் நெதர்லாந்தில் கோகல் குழுவினர் பிரித்தெடுத்தது மனித மூத்திரத்திலிருந்து. 1941-இல் ஊமத்தைக் கருவை வளர்த்தெடுக்க வான் ஓவர்பீக் நாடியது தென்னை இளநீரை. அதில் சைட்டோகைனின் இருப்பது பின்னால் தெரிந்தது. நம் தோட்டத்துத் திசுவளர்ப்பு வாழைக்கன்று ஒவ்வொன்றும் சைட்டோகைனின் கலந்த ஊட்டத்தில் பல்கியதுதான். ஆனால் ஒன்று, மண்பானையில் ஊறுகிற கரைசலில் எவ்வளவு இருக்கிறது என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. உன் பாட்டிலில் சொல்ல முடியவேண்டும். நீ வாங்கும் விலைக்கு நியாயம் அது ஒன்றுதான்.

இனி உன் சரக்கு. மன்னார் வளைகுடாக் கடலோரத்துக்குக் கட்டக்கோரை, கஞ்சிப்பாசி, மரிக்கொழுந்து என்ற பாசிகள் பழையவை. கப்பாபைகஸ் என்ற பாசி மட்டும் வெளியூர்; அதன் தாயகம் பிலிப்பைன்ஸ் பக்கம். மத்திய உப்பு, கடல்சார் இரசாயன ஆராய்ச்சி நிறுவனம் மண்டபத்தில் அதை வளர்த்துப் பார்த்தது. 2000-ஐ ஒட்டிப் பெப்சி நிறுவனம் ஒப்பந்த வளர்ப்பைத் தொடங்க, பாம்பன் பக்கத்துப் பெண்கள் அதைப் பெப்சிப் பாசி என்றே அழைத்தார்கள். மூங்கில் மிதவையில் கட்டி 45 நாளில் அறுக்கலாம். பாசியைக் காயவைத்துக் கராஜீனன் என்ற கூழ்ப்பொருள் எடுக்க அனுப்புவதுதான் முதலில் வழக்கம். பச்சையாகவே பிழிந்து சாற்றைத் தெளிப்புக்கு எடுத்துக்கொண்டு, சக்கையைக் கராஜீனனுக்கு அனுப்பலாம் என்ற வழியைக் கண்டு காப்புரிமை பெற்றது அதே நிறுவனம். சாற்றில் ஆக்சின், சைட்டோகைனின், ஜிபரலின் மூன்றும் உண்டு. கிளைசின் பீட்டெய்னும் ஏராளமான பொட்டாசியமும் உண்டு. ஆக, இதில் கொஞ்சம் தகவல், கொஞ்சம் சாப்பாடு. எதனால் விளைச்சல் கூடியது என்று நீயே குழம்பாமல் இருக்க இது நினைவிலிருக்கட்டும். 2015-இல் வெளியான ஓர் ஆய்வில் சாற்றிலிருந்து ஜிபரலினை மட்டும் நீக்கிவிட்டு மக்காச்சோளத்தில் தெளித்தார்கள். மணி விளைச்சலில் குறைவில்லை, தட்டை கூடியது. சாற்றில் இருப்பதெல்லாம் எல்லாப் பயிருக்கும் வேண்டியதில்லை.

மிதவையை எங்கே போடுவது என்பதில் ஜாக்கிரதை. குருசடைத் தீவில் இந்தப் பாசி பவளத்தின் மேல் படர்ந்ததை 2008-இலேயே எழுதிவிட்டார்கள். நம் வான்தீவும் காரைச்சல்லியும் தேசியப் பூங்காத் தீவுகள். அந்தப் பக்கம் போகாதே. கோடையில் தண்ணீர் சுட்டால் பாசி அழுகும், விதைப்பாசிகூட மிஞ்சாது.

சாற்றை வெள்ளைப் பாட்டிலில் அடைத்து வெயிலில் அடுக்கி வைத்திருக்கும் கடைகளைப் பார்த்திருப்பாய். ஆக்சின் வெளிச்சத்தில் சிதையும், ஜிபரலின் தண்ணீரில் நாள்பட நாள்பட வலுவிழக்கும். கறுத்த பாட்டில், நிழல், தயாரித்த தேதி மூன்றும் வேண்டும்.

சட்டத்தில் இரண்டு வாசல். என்.ஏ.ஏ., ஜிபரலிக் அமிலம், எத்திபான், பாக்லோபியூட்ரசால் எல்லாம் 1968-ஆம் ஆண்டு பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ் வருகின்றன. கடல்பாசிச் சாறு பயோ-ஸ்டிமுலன்ட் என்ற வகையில் 2021 பிப்ரவரி முதல் உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் வந்துவிட்டது. பூச்சிக்கொல்லி எச்சம் 0.01 பிபிஎம்முக்கு மேல் இருக்கக் கூடாது என்று அந்த 2021 ஆணை வரம்பும் வைத்தது. பாசிச் சாற்றில் கண்ணுக்குப் பலன் தெரிய ஒரு சிட்டிகை ஜிபரலிக் அமிலத்தைப் போட்டுத் தரச் சொல்லி யாராவது உன்னிடம் வருவார்கள். ஒரு வாரத்தில் செடி நெடுநெடுவென்று நிற்கும், சம்சாரி சந்தோஷப்படுவார், அடுத்த ஊர்க்காரரும் வாங்குவார். அப்படிக் கலந்தால் அது சட்டப்படி வேறு சரக்கு. வாங்குபவருக்கு நீ சொல்லாத மருந்தை அவர் பயிரில் அடிக்கிறாய். செய்யாதே.

வாழைக்காய் மண்டிக்காரர்களும் உன்னைத் தேடி வருவார்கள். மூட்டம் போட்டுப் புகையில் பழுக்கவைத்த காலத்திலும் வேலை செய்தது எத்திலீன் வகை வாயுதான். கார்பைடு தடை, 100 பிபிஎம் வரை எத்திலீன் வாயுவுக்கு 2016 முதல் அனுமதி. எத்திபான் கரைசலில் தாரை முக்கி எடுப்பது அந்த அனுமதிக்குள் வராது. அதற்கு மேல் அவர்களோடு பேச ஒன்றுமில்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். விலைப்பட்டியல் அச்சடிக்கும் முன் ஏரலில் ஒரு வாழைத்தோட்டமும் விளாத்திகுளத்தில் ஒரு மிளகாய்ப் புஞ்சையும் பிடி. பாதி வரிசைக்கு உன் சாறு, பாதி வரிசைக்கு வெறும் தண்ணீர். ஒரே டேங்க், ஒரே நாள், ஒரே ஆள். எது எந்த வரிசை என்று நிலத்துக்காரருக்குச் சொல்லாதே. அறுப்பில் அவரையே எடை போடச் சொல். வித்தியாசம் இல்லாவிட்டால் அந்தப் பயிரின் பெயரை உன் லேபிளில் போடாதே. வித்தியாசம் இருந்தால் இரண்டு எடையையும், தெளித்தபோது பயிருக்கு என்ன வயது என்பதையும் சேர்த்து லேபிளில் போடு.

இப்படிக்கு,
உன் நலம் நாடும் பழைய வேளாண்மைக்காரன்