பேவரில் போன விரல்களும் முத்திரைத்தாளில் வாங்கிய கையெழுத்தும்

கேள்வி: மாங்காட்டு வாசகி ஒருவரின் கணவர், வயது 35, பூந்தமல்லிப் பக்கத்தில் ஓர் உள்ளாட்சி அமைப்பின் சாலைப் பணியில், ஒப்பந்தக்காரரின் மேஸ்திரியிடம் நாளுக்கு 800 ரூபாய்க் கூலிக்கு வேலை செய்தவர். 2025 ஆகஸ்டில், தார்க்கலவை பரப்பும் பேவர் இயந்திரத்தின் திருகுத்தண்டில் இறுகிய கலவையைக் கம்பியால் குத்திவிட்டபோது வலக்கையின் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் அடியோடு இழந்தார். ஐம்பதாயிரம் ரூபாய் கொடுத்து, இனி எதுவும் கோருவதில்லை என்று முத்திரைத்தாளில் கையெழுத்தும் வாங்கிவிட்டார்கள். இதற்குமேல் வழி உண்டா?

பதில்: உண்டு. 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டாலும், விபத்து அதற்கு முன்பே நேர்ந்திருப்பதால் 1923ஆம் ஆண்டின் பணியாளர் இழப்பீட்டுச் சட்டமே இதற்குப் பொருந்தும். இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுப்பதாகத் தொழிலாளி எழுதித்தரும் எந்த உடன்படிக்கையும் செல்லாது என்று அச்சட்டத்தின் 17ஆம் பிரிவு கூறுவதால், அந்தத் தாளுக்கு அஞ்ச வேண்டியதில்லை. இழப்பீடாகக் கொடுத்த பணம் கணக்கில் கழிக்கப்படலாம். மருத்துவத்துக்கென்று கொடுத்தது கழியாது.

மேஸ்திரி கைவிரித்தாலும் பொறுப்பு அவரோடு நின்றுவிடுவதில்லை. 12ஆம் பிரிவின்படி, வேலையை ஒப்பந்தத்துக்கு விட்ட முதன்மை முதலாளியிடமே தொழிலாளி நேராகக் கோரலாம். உள்ளாட்சி அமைப்பும் அரசுத் துறையும் ஆற்றும் பணி இச்சட்டத்தின் நோக்கத்துக்குத் தொழிலாகவே கருதப்படும் என்பதால், அவையும் இதிலிருந்து நழுவ முடியாது. கொடுத்த பணத்தை ஒப்பந்தக்காரரிடம் வசூலித்துக்கொள்வது அவர்கள் பாடு.

தொகையைக் கணக்கிடும் முறை இது: மாத ஊதியத்தில், அது எவ்வளவானாலும் 15,000 ரூபாய் என்ற உச்சவரம்புக்கு உட்பட்டு, 60 விழுக்காட்டை எடுத்து, வயதுக்குரிய காரணியால் பெருக்க வேண்டும். 35 வயதுக்குக் காரணி 197.06 ஆதலால் முழு நிரந்தர இயலாமைக்கு 17,73,540 ரூபாய் வரும். ஒரு கையில் இரு விரல்களை இழந்தால் ஈட்டுத்திறன் இழப்பு 20 விழுக்காடு என்று அட்டவணை கூறுவதால், இவருக்கு 3,54,708 ரூபாய். ஆள்காட்டி விரலுக்குத் தனியே 14, நடுவிரலுக்குத் தனியே 12 என்று எழுதிய அதே அட்டவணை, இரண்டும் சேர்ந்து போனால் 26க்குப் பதில் 20 என்பது விந்தைதான். ஆனால் பேச்சு அங்கேயே முடிந்துவிடாது. இடக்கையை முழங்கைக்கு மேல் இழந்த தச்சர் ஒருவரின் வழக்கில் (பிரதாப் நாராயண் சிங் தேவ் எதிர் ஸ்ரீநிவாஸ் சபாட்டா, 1976), ஒற்றைக் கையால் தச்சுவேலை நடவாது என்பதால் இழப்பு முழுமையானதே என்று உச்ச நீதிமன்றம் ஏற்றது. மண்வெட்டியையும் கம்பியையும் பிடிக்கவே முடியாத வலக்கை என்று மருத்துவர் சான்றளித்தால், 20க்கு மேல் கோர இடமுண்டு. விபத்து நாளிலேயே இழப்பீடு கொடுக்கக் கடமை பிறக்கிறது என்றும் அத்தீர்ப்பு கூறுகிறது. ஒரு மாதத்துக்குள் கொடுக்காவிட்டால் ஆண்டுக்கு 12 விழுக்காடு வட்டியும், தக்க காரணமின்றித் தாமதித்திருந்தால் 50 விழுக்காடு வரை அபராதமும் சேரும்.

ஓடும் இயந்திரத்தில் தானாகக் கையை விட்டார் என்ற வாதம் வரும். வெறும் கவனக்குறைவு இழப்பீட்டைப் பறிக்காது; குடிபோதை, பாதுகாப்பு உத்தரவை வேண்டுமென்றே மீறுதல், பாதுகாப்புத் தடுப்பைத் தெரிந்தே கழற்றுதல் ஆகியவற்றால் நேர்ந்த காயம் என்று முதலாளி நிரூபித்தால்தான் அது எடுபடும்.

உண்மையில் அஞ்ச வேண்டிய தாள் வேறு. மருத்துவமனைக்கு அழைத்துவருபவர் வேலை இடத்தின் பெயரைச் சொல்லாமல் "வீட்டு மோட்டாரில் கை மாட்டியது" என்று சொல்லிவைத்தால், விபத்துப் பதிவேட்டில் அதுவே ஏறிவிடும். ஆகவே அதன் நகலான ஏ.ஆர். காப்பியை முதலில் வாங்கிப் படிக்க வேண்டும். தவறாக இருந்தால் நடந்ததை எழுதிக் காவல் நிலையத்திலும் ஒப்பந்தக்காரருக்குப் பதிவுத் தபாலிலும் கொடுத்து, மேஸ்திரியின் வருகை நோட்டைப் படமெடுத்து, ஜிபேயில் வந்த கூலியின் விவரத்தையும் சேர்க்க வேண்டும். கூலியில் இ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்திருந்தால் மட்டும் வழி மாறும். அப்போது இழப்பீட்டுக்குப் பதிலாக இ.எஸ்.ஐ. கழகத்திடம் இயலாமைப் பயன் கோர வேண்டும்.

மனுவை இழப்பீட்டு ஆணையராகச் செயல்படும் தொழிலாளர் துறை அதிகாரியிடம் கொடுக்க வேண்டும். விபத்து நடந்த பூந்தமல்லி திருவள்ளூர் மாவட்டம், குடியிருக்கும் மாங்காடு காஞ்சிபுரம் மாவட்டம். 21ஆம் பிரிவு இரண்டு இடத்தையும் அனுமதிப்பதால் வீட்டுக்கு உரிய அதிகாரியிடமே தாக்கல் செய்யலாம். கெடு விபத்திலிருந்து இரண்டு ஆண்டு, அதாவது 2027 ஆகஸ்ட் வரை; ஆயினும் உடன் வேலை செய்த வெளிமாநிலத்தவர் பணி முடிந்ததும் ஊர் திரும்பிவிடுவார்கள் என்பதால், மனுவுக்கு முன்பாகவே அவர்களின் வாக்குமூலத்தையும் கைப்பேசி எண்ணையும் ஊர் முகவரியையும் எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.