ஓர் உளநூற் பேராசிரியரின் கடிதக் கட்டு

நூல் என்பது முற்றுப்பெற்ற கருத்தின் வடிவம். அக்கருத்து முளைத்த இடத்தையும், ஆசிரியர் ஐயுற்று நின்ற நிலையையும் அறிய விழைவார்க்கு நூல் மட்டும் போதாது; அவர் எழுதிய கடிதங்களும், வகுப்பிற்கென வரைந்த குறிப்புகளும் வேண்டும். இவ்வுண்மையைக் கல்கத்தாவில் வாழ்ந்த உளநூற் பேராசிரியர் ஒருவரின் கடிதங்கள் கொண்டு ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் உளநூலுக்கெனத் தனித்துறை 1916ஆம் ஆண்டு தோன்றியது. ஹார்வர்டிற் பயின்று மீண்ட நரேந்திரநாத் சென்குப்தா அதனை நடாத்தினார். 1910ஆம் ஆண்டில் மருத்துவப் பட்டம் பெற்று நோயாளரைப் பார்த்துவந்த கிரீந்திரசேகர் போஸ் (1887–1953) என்பார் அத்துறையில் மாணாக்கராய்ச் சேர்ந்து, 1917இல் முதுநிலைப் பட்டம் பெற்று, பின்னர் அங்கேயே ஆசிரியராயினார். 1929 முதல் 1949 வரை துறைத் தலைவராகவும் விளங்கினார். மனத்தெழும் விருப்பங்கள் அடக்கப்படும் வகையைப் பற்றி அவர் எழுதிய ஆராய்ச்சி நூல் 1921இல் வெளிவந்தது. அதனை வியன்னா நகரத்துச் சிக்மண்ட் பிராய்டுக்கு அனுப்பினார். அவரும் மகிழ்ந்து விடை எழுதினார். இங்ஙனம் தொடங்கிய கடிதப் போக்குவரத்து, இருவரும் ஒருவரையொருவர் நேரிற் காணாதிருந்தும், பல்லாண்டு நீடித்தது. 1922இல் கல்கத்தாவில் உளப்பகுப்புக் கழகம் ஒன்றை நிறுவிய போஸ், தம் இறுதிக்காலம் வரை அதன் தலைவராயிருந்தார். அக்கடிதங்கள் அழியாது காக்கப்பட்டுப் பின்னர் அச்சேறின.

அவற்றால் நாம் அறிவது யாது? ஒவ்வொரு விருப்பத்துடனும் அதற்கு எதிரான விருப்பமும் உடன்தோன்றுகிறது என்பது போஸின் கொள்கை. பிறரை அடிக்க விழைவான் உள்ளத்தின் அடியில் அடிபட விழைவும் ஒளிந்து கிடக்கும் என்க. 1929இல் எழுதிய கடிதமொன்றில், ஐரோப்பிய நோயாளரிடம் தாம் கண்ட சில அச்சங்கள் இந்திய நோயாளரிடம் அத்துணை வலிமையுடன் காணப்படவில்லை என்று வெளிப்படையாகவே குறித்தார். பிராய்ட் அதனைப் புறந்தள்ளாது, கருத்திற் கொள்வதாக மறுமொழி விடுத்தார். ஈராண்டு கழித்து, 1931இல், பிராய்டின் எழுபத்தைந்தாம் பிறந்தநாளுக்குக் கல்கத்தாவினின்று தந்தத்தாலாய திருமால் வடிவம் ஒன்று சென்றது. அஃது இன்றும் இலண்டனில் அவர் வாழ்ந்த இல்லமாகிய காட்சிச்சாலையில் உள்ளது. பணிவு குன்றாமலும் கண்டதை மறையாமலும் பெரியாரோடு மாறுபடுவது எங்ஙனம் என்பதனை மாணாக்கராகிய நாம் இக்கடிதங்களிற் கற்கலாம். கட்டுக் கரையானுக்கு இரையாகியிருப்பின் இப்பாடம் நமக்குக் கிட்டியிராது.

இனி எம்மூராகிய காரைக்குடியில் நேர்ந்ததொன்றைக் கூறுதும். எமக்கு இளமையிற் கணக்குக் கற்பித்த முதியவர் ஒருவர் சென்ற ஆண்டு காலமானார். விடுமுறையில் யாம் சென்று வினவியபொழுது, அவருடைய பாடக் குறிப்பேடுகள் முன்னரே பழந்தாட் கடைக்கு எடைக்குப் போய்விட்டன என்றனர். கடைக்கு ஓடினோம், எஞ்சியது ஒன்றே. அதன் ஓரத்தில், ‘இவ்விடத்திற் பிள்ளைகள் மயங்குவர், மாங்காய் கொண்டு விளக்குக’ என்று எழுதியிருந்தார். அம்மாங்காய்க் கணக்கு எமக்கு இன்னும் நினைவிலிருக்கின்றது. அவர் அதற்கென முன்னாளிரவே எண்ணிப் பார்த்திருந்தார் என்பதை அன்றுதான் அறிந்தோம். எம்மூர் வீடுகளிற் கொடுக்கல் வாங்கல் எழுதிய பேரேடுகளைப் பெட்டகத்திற் பூட்டிக் காப்பர். கல்வி கொடுத்தவர் எழுதிய ஏட்டினை நிறுத்து விற்கின்றனர்!

ஆயினும் எம்மூர்க்கு அண்மையிலேயே நல்லதோர் எடுத்துக்காட்டு உண்டு. விளம்பரப் பலகை எழுதும் தொழிலராயிருந்த கோட்டையூர் ரோஜா முத்தையா, பிறர் குப்பையெனக் கழித்த துண்டறிக்கையும் அழைப்பிதழும் உட்பட ஏறத்தாழ ஓர் இலட்சம் அச்சுப் பொருள்களைத் தம் இல்லத்தில் திரட்டினார். அவர் 1992இல் மறைந்தார். அத்திரட்டு 1994இல் சென்னையில் அவர் பெயராலேயே ஆராய்ச்சி நூலகமாயிற்று. தனியொருவர் இதனைச் செய்தாரெனின், கல்லூரியொன்றால் இயலாதது யாது?

சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1943இல் உளநூற்றுறை தோன்றியபொழுது அதனை அமைத்தவர் ஜி. டி. போவாஸ். அவர் போன்ற முன்னோடிகளும் நம் ஆசிரியர்களும் விட்டுச்செல்லும் தாள்கள் எத்துணையோ இல்லங்களில் கிடத்தல் கூடும். ஆதலின், அன்பர்காள்! உங்கள் இல்லத்தில் ஆசிரியர் ஒருவரின் குறிப்பேடு இருப்பின், அதன்மேல் அவர் பெயரும் ஆண்டும் எழுதி, ஈரம்படாது வைத்து, நூலகத்திற் சேர்ப்பியுங்கள். தராசு வருமுன்னர் நாம் செல்லுதல் வேண்டும்.